கொல்லிமலையும் 'எல்' கியரும்

போன லீவில் ஸ்ரீரங்கத்திலிருந்து சித்தப்பா காரில் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு! ஏறும்போது ஜாலி. இறங்கும்போதுதான் வினை.

ஆட்டோமேட்டிக் வண்டி. லிவரை 'டி'யிலேயே விட்டுட்டு சித்தப்பா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தார். பாதி வழியில் கருகின வாடை. மிதி மெத்துன்னு உள்ளே போச்சு. பாட்டி "ரங்கா, ரங்கா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. ஓரங்கட்டி ரொம்ப நேரம் ஆற விட்டோம். பின்னால் வந்த வேன் டிரைவர் அண்ணன், "'எல்'லில் போட்டு இறக்குங்க சார்" என்றார்.

விஷயம் இதுதான். பிரேக் உரசி உரசி வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. விடாமல் மிதித்தால் பிரேக் கட்டையின் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் மிதி வேலை செய்யாது. 'டி'யில் வண்டி தானே மேல் கியருக்குப் போயிடும். அதில் எஞ்சின் அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது. 'எல்' போட்டால் கீழ் கியரிலேயே நிற்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வழி மூடிக்கொள்ளும். காற்றை இழுக்கத் திணறும் எஞ்சினைச் சக்கரம்தான் சுற்ற வேண்டும். அந்தத் திணறல்தான் நமக்குப் பிரேக்! (வேகமாகப் போகையில் சட்டுனு 'எல்' போடக் கூடாது, முதலில் வேகத்தைக் குறைக்கணும்.)

எஞ்சின் உறுமியது. "பெட்ரோல் வீணாகுதே" என்றார் அப்பா. இல்லை, இன்ஜெக்‌ஷன் வண்டியில் அப்போது பெட்ரோல் வரத்தே நின்னுடுமாம். வளைவுகளில் மட்டும் லேசாகப் பிரேக் தொட்டு, காரவள்ளி வந்து சேர்ந்தோம். பாட்டி அதுவரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்லை.