பொம்மைக்காக வாங்கும் சாப்பாடு

ஜூரு ஆட்டோ சிட்டி, புக்கிட் தெங்கா பக்கம் மாலை நேரத்தில் துரித உணவுக் கடைக்குள் நின்று பாருங்கள். பிள்ளை கேட்பது பர்கரை அல்ல, அதோடு வரும் பொம்மையை. பெட்டியைத் திறந்ததும் பொம்மை கைக்குப் போகிறது. கோழித்துண்டு பாதியில் ஆறிக் கிடக்கிறது. மிச்சத்தை அம்மா சாப்பிட்டு முடிக்கிறார்.

"வாங்கிக் கொடுப்பது பெற்றோர்தானே, கடைக்காரனை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்பார்கள். பாதி நியாயம். ஆனால் விளம்பரம் பேசுவது பெற்றோரிடம் அல்ல, அடம்பிடிக்கத் தெரிந்தவரிடம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது விற்பனைப் பேச்சு என்பதே சரியாக விளங்காது. தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் அப்பாவுக்கு அந்த அழுகையோடு மல்லுக்கட்டத் தெம்பு இருப்பதில்லை. அந்தக் களைப்பையும் கணக்கில் சேர்த்தே விளம்பரம் செய்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

2019இல் மறைந்த எஸ்.எம்.முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இத்தகைய விளம்பரங்களை எதிர்த்துக் குரல் கொடுத்தது. பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் துரித உணவு விளம்பரம் கூடாது என்று 2007இல் மலேசிய அரசு முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் பிள்ளைகள் இன்று தொலைக்காட்சி முன்னால் இல்லை, கைப்பேசியில் இருக்கிறார்கள். கவலைப்படக் காரணம் இருக்கிறது: 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் 5 முதல் 17 வயது வரையிலான மலேசியப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோடோ உடல் பருமனோடோ இருந்தார்கள்.

கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களை 1980லேயே தடுத்தது. சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த உணவோடு பொம்மை தருவதைச் சிலி 2016இல் நிறுத்தியது. நம் நாட்டிலும் அப்படியொரு சட்டம் வேண்டும். அதுவரை வீட்டில் ஒன்றைச் செய்யலாம்: சோறு ஊட்டும்போது பிள்ளை கையில் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். ரசஞ்சோற்றை விழுங்க வைக்க நாமே திறந்துவிடும் காணொளிக்கு நடுவில்தான் பொரித்த கோழி வந்து நிற்கிறது.

பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வரும் இனிப்புப் பான லாரியையும் சும்மா விடக்கூடாது. அதை அழைத்தது யார், எதற்காக என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.