முகமூடிக்குள் இருப்பவன் யார்?

முகத்தைக் காட்டாமலேயே ஒரு நாட்டின் முகமாக விளங்கியவர் ஒருவர் உண்டு. மன்னரல்ல, மதகுருவல்ல, மந்திரியுமல்ல. மற்போர் வீரர்! மெக்சிகோ நாட்டு ஏழை எளியோர் அவரை 'எல் சாந்தோ' என்று அழைத்தனர். வெள்ளி நிற முகமூடி, விரிந்த மார்பு, தோளிலே தொங்கும் மேலங்கி — இவையே அவருடைய மூலதனம். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அவற்றிலே சிலவற்றை நாம் பார்த்தோம். பார்த்துச் சிரித்தோம், சிரித்து முடித்ததும் சிந்தித்தோம்.

ஏன் சிரித்தோம்? கயிறு கட்டி ஆட்டப்படும் ரப்பர் வௌவால்! பட்டப்பகலிலே படம் பிடித்துவிட்டு, நள்ளிரவென்று நம்பச் சொல்லும் காட்சி! கோட்டும் கால்சட்டையும் அணிந்து, முகமூடியையும் மாட்டிக்கொண்டு, திறந்த காரிலே பவனி வரும் நாயகன்! விஞ்ஞானியின் மகளை விபரீதம் சூழ்ந்து நிற்கும். ஆனாலும் நாயகன் முதலிலே அரங்கத்துச் சண்டையை முடித்தாக வேண்டும். அதுவும் மூன்று ஆட்டம், இரண்டை வென்றவருக்கே வெற்றி என்பது அந்நாட்டு வழக்கம். மூன்றும் முடியும்வரை காட்டேரிகூடப் பொறுமையோடு காத்திருக்கும்! பல படங்களிலே நாயகனின் குரலும் அவருடையதல்ல, இரவல் குரல்.

"இதுவும் ஒரு கலையா?" என்று கேட்டனர், மெத்தப் படித்த மேதாவிகள். கேட்கட்டும், தோழர்களே! கூத்தாடிகள் என்ற ஏளனம் நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. நாம் கேட்பது வேறு கேள்வி. உழைத்துக் களைத்த ஒருவன், கையிலிருந்த சில்லறையைக் கொடுத்து, மரப்பலகையிலே அமர்ந்து, இந்தப் படத்தை ஆண்டுக்கணக்கிலே பார்த்தானே, எதைத் தேடிப் பார்த்தான்?

அதை அறியக் கொஞ்சம் பின்னே செல்ல வேண்டும். சால்வடோர் லுட்டரோத் என்பவர் 1933இல் மெக்சிகோவிலே மற்போர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்த மற்போருக்கு 'லூச்சா லிப்ரே' என்று பெயர். அதிலே இரண்டு அணி. முறையோடு மோதுகிறவன் ஒருவன். முறை தவறி முடியைப் பிடிப்பவன், கண்ணிலே குத்துபவன் இன்னொருவன். முகமூடிதான் வீரனின் மானம். அதைப் பந்தயமாக வைத்துத் தோற்றவன், ஊரறியத் தன் முகத்தைக் காட்ட வேண்டும். மகுடம் இழந்த மன்னன் கதிதான் அவனுக்கு!

ருடோல்போ குஸ்மான் 1917இல் துலான்சிங்கோ என்ற ஊரிலே பிறந்தவர். 1942இல் வெள்ளி முகமூடி அணிந்து, 'சாந்தோ' என்ற பெயரோடு அரங்கேறினார். 'சாந்தோ' என்றால் புனிதர் என்று பொருள். வேடிக்கையைக் கேளுங்கள்: பெயரிலே புனிதர், ஆட்டத்திலே முரடர்! இருபது ஆண்டுகள், 1962 வரை, முறை தவறியவர் அணியிலேதான் மோதினார். 1952இல் பிளாக் ஷாடோ என்ற வீரரை வீழ்த்தி அவருடைய முகமூடியைப் பறித்தார். அதே ஆண்டு, ஹோசே குரூஸ் என்ற ஓவியர் சாந்தோவை நாயகனாக்கிப் படக்கதை ஏடு வெளியிட்டார். எழுத்துக்கூட்டிப் படிப்பவனும் வாங்கினான். படிக்கத் தெரியாதவன் படம் பார்த்தே கதையைப் புரிந்துகொண்டான்.

1950களின் இடையிலே, மெக்சிகோ நகரத் தொலைக்காட்சியிலிருந்து மற்போர் விலக்கப்பட்டது. அரங்கிலே அமரப் பணமில்லை. வீட்டுப் பெட்டியிலே காண வழியில்லை. எங்கே போவான் ஏழை? படக்கொட்டகைக்குப் போனான்! சாந்தோவின் முதல் இரண்டு படங்களும் 1958இல் கியூபாவிலே எடுக்கப்பட்டவை. புரட்சிப் படை ஹவானாவுக்குள் நுழையவிருந்த நேரம் அது. அவரைத் தொடர்ந்து புளூ டெமனும் மில் மாஸ்கரசும் திரைக்கு வந்தனர். கொட்டகைகள் நிரம்பின.

படம் எடுத்த தொழிலாளியின் கதையும் இதிலே உண்டு. மெக்சிகோ திரைப்படத் தொழிலாளர் சங்கம் 1945இல் இரண்டாகப் பிளந்தது. முழுநீளப் படம் எடுக்கும் உரிமை ஒரு சங்கத்துக்குப் போயிற்று. குறும்படத்தோடு நிற்கும்படி மற்றதற்கு ஆணை. வயிறு கேட்குமா அந்த ஆணையை? அமெரிக்கா என்ற பெயருடைய படப்பிடிப்பு நிலையத்திலே, இரண்டாவது சங்கத்தார் குறும்படங்களாகவே எடுத்தனர். அவற்றை ஒட்டினால் முழுப்படம்! மற்போர்ப் படங்களிலே சில, துண்டு துண்டாக ஒட்டியதுபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம். மேதாவிகள் அந்த ஒட்டைக் கண்டு சிரித்தனர். அந்த ஒட்டுக்குப் பின்னே, வேலை கேட்டு நின்ற தொழிலாளியின் கை இருந்ததை அவர்கள் கண்டார்களா?

"பகுத்தறிவு பேசும் நீங்களா பேய்ப்படத்துக்குப் பரிந்து பேசுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பேயும் பிசாசும், சூனியமும் சிலுவையும் அந்தப் படங்களிலே மலிந்து கிடக்கின்றன. அதை நாம் மறைக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1972இல் வெளிவந்தது 'குவானஹுவாதோவின் மம்மிகள்' என்ற படம். உலர்ந்துபோன பிணங்கள் உயிர்பெற்று எழுந்து ஊரை மிரட்டும். மூன்று முகமூடி வீரர்களும் அவற்றை எதிர்ப்பர். கதை பொய். ஆனால் அந்தப் பிணங்கள் பொய்யல்ல! குவானஹுவாதோ நகரத்துக் காட்சிசாலையிலே இன்றும் அவை இருக்கின்றன. எப்படி வந்தன? கல்லறைக்கு வரி கட்ட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். வரி கட்ட ஆளில்லாத பிணத்தைத் தோண்டி எடுத்தனர். 1865இல் தொடங்கிய அந்த வழக்கம் 1958 வரை நீடித்தது. வாழும்போது வாடகை, செத்த பிறகும் வாடகை! மண்ணிலே படுத்தவனையும் வெளியேற்றி, கண்ணாடிப் பெட்டியிலே நிறுத்திக் காசு வாங்கினார்கள். இதிலே யார் பேய், தோழர்களே? எழுந்து வந்த பிணமா, எழுப்பிய சட்டமா?

படம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாம் வைக்கும் குற்றச்சாட்டு அதுதான். ரப்பர் வௌவால் குற்றமல்ல. வெள்ளித்திரைச் சாந்தோ காட்டேரியை வீழ்த்துவான், செவ்வாய்க் கிரகத்தானை விரட்டுவான், பித்தம் பிடித்த விஞ்ஞானியைப் பிடித்துப் போலீசிடம் கொடுப்பான். வீட்டுக்காரனைத் தொட்டதுண்டா? ஆலை முதலாளியை ஒரு பிடி பிடித்ததுண்டா? 1929 முதல் 2000 வரை ஒரே கட்சி ஆண்ட நாடு அது. 1968 அக்டோபர் 2 அன்று, ஒலிம்பிக் பந்தயம் தொடங்கப் பத்தே நாள் இருந்தபோது, தலாத்தெலோல்கோ சதுக்கத்திலே மாணவர்கள் சுடப்பட்டு வீழ்ந்தனர். அந்த நாட்களிலே திரையிலே சாந்தோ மோதிக்கொண்டிருந்தது டிராகுலாவோடு!

1984 பிப்ரவரி 5 அன்று சாந்தோ மறைந்தார். அதற்குச் சில நாள் முன்புதான், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலே, முகமூடியைச் சற்றே உயர்த்தி முகத்தின் ஒரு பகுதியைக் காட்டியிருந்தார். முகமூடியோடேயே அவரை அடக்கம் செய்தனர். ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து அழுதனர். கதை முடிந்தது என்றனர் மேதாவிகள்.

முடியவில்லை! 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வீடிழந்தோர் வீதிக்கு வந்தனர். வீடு இருந்தோரையும் வெளியேற்ற முனைந்தனர் கட்டட உரிமையாளர்கள். குடியிருப்போர் ஒன்றுகூடிச் சங்கம் கண்டனர். 1987இல், அந்தக் கூட்டத்தின் நடுவே ஒருவன் வந்து நின்றான். சிவப்பு முகமூடி, மஞ்சள் மேலங்கி. பெயர், 'சூப்பர்பாரியோ'. 'பாரியோ' என்றால் பேட்டை, ஏழைகள் வாழும் பேட்டை! சாமான்களைத் தெருவிலே எறிய ஆள் வந்தால், சூப்பர்பாரியோவும் வருவான். அவனோடு பேட்டையே வரும். முகமூடியைக் கழற்றாமலேயே ஊர்வலத்திலே நடந்தான், அதிகாரிகளோடு வாதாடினான்.

அவனிடம் மாயமில்லை, மந்திரமில்லை, பறக்கும் வித்தையுமில்லை. அவன் பலமெல்லாம் அவன் பின்னே நின்ற கூட்டம். அவன் யார்? குடிக்கூலி கொடுப்பவரெல்லாம் அவன்தான்! முகம் தெரிந்தால் ஒருவனைப் பிடிக்கலாம், விலை பேசலாம், சிறையிலே தள்ளலாம். முகமே தெரியாதவனை என்ன செய்வது?

இதைத்தான், தோழர்களே, மேதாவிகள் காணத் தவறினர். முப்பது ஆண்டுகள் கொட்டகையிலே அமர்ந்திருந்தவன் ஏமாந்து போகவில்லை. முகமூடிக்குள் தன் முகத்தையே கண்டான். கதாசிரியர் எழுத மறந்த கடைசிக் காட்சியை அவனே தெருவிலே நடத்திக் காட்டினான். திரையிலே தொடப்படாத பகைவனைத் தெருவிலே எதிர்த்தான்.

ஏழை ரசிப்பதை ஏளனம் செய்வோரிடம் நாம் சொல்லக்கூடியது இதுதான்: அவன் கை தட்டும் இடத்தைக் கவனியுங்கள். கயிற்றிலே ஆடும் வௌவாலுக்கு அவன் கை தட்டவில்லை. விழுந்தவன் எழுந்தானே, அப்போது தட்டினான். படம் எடுப்போரிடம் நாம் சொல்வதும் ஒன்றுண்டு: காட்டேரியை வீழ்த்தியது போதும், வீட்டுக்காரனை எப்போது அரங்கிலே ஏற்றப்போகிறீர்கள்? நீங்கள் ஏற்றாவிட்டால், மக்கள் ஏற்றுவர்!