மரக்கிளைகளை எரிக்கக்கூடாது, வேறு என்ன செய்யலாம்? பெட்ரோல் 'சிப்பர்' வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கோலாலம்பூர்: கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றோடு ஒரு மழை பெய்தால் போதும், மறுநாள் வாசலெல்லாம் கிளைகள். 2024 மே 7-ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்ததில் ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன. மரங்களை அவ்வப்போது கழித்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கழித்த கிளைகளை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். திறந்த வெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின் கீழ் குற்றம். அபராதத்தோடு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

இதனால்தான் கிளைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தள்ளும் 'வுட் சிப்பர்' இயந்திரத்தைப் பலர் தேடுகிறார்கள். இணையக் காணொளிகளில் 'கேஸ்' சிப்பர் என்று அமெரிக்கர்கள் சொல்வது பெட்ரோலில் ஓடும் இயந்திரத்தைத்தான். சமையல் கேஸ் அல்ல.

உங்களுக்கு உண்மையிலேயே தேவையா?

பிரிக்பீல்ட்ஸ் உட்பட கோலாலம்பூர் முழுவதும் திடக்கழிவு நிர்வாகச் சட்டம் 672 அமலில் இருக்கிறது. '2+1' முறைப்படி வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், பெரிய பொருள், தோட்டக் கழிவு ஆகியவையும் எடுக்கப்படும். மாதம் இரண்டு கட்டுக் கிளைதான் சேருகிறது என்றால், கட்டி வைத்தாலே போதும். மெஷினுக்குச் செலவு செய்யத் தேவையில்லை.

கிள்ளானில் நிலைமை வேறு. சிலாங்கூர் மாநிலம் இந்தச் சட்டத்தில் சேரவில்லை. தோட்டக் கழிவை எப்போது, எவ்வளவு எடுப்பார்கள் என்று ஊராட்சி மன்றத்திடம் முதலில் கேளுங்கள். மரத்தையே வெட்டுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட, நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 172-ன்படி பொதுவாக ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும்.

சரி, எந்த அளவு?

விளம்பரத்தில் '3 அங்குலம்' என்று போட்டிருப்பது அந்த மெஷின் விழுங்கக்கூடிய உச்ச அளவு. நாள் முழுக்க அந்த அளவிலேயே ஓட்டினால் எஞ்சின் திணறும். காய்ந்த ரம்புத்தான், பலா போன்ற கெட்டி மரமென்றால் இன்னும் சிரமம். நீங்கள் வழக்கமாகக் கழிக்கும் கிளையின் தடிமனை அளந்து, அதைவிட ஒரு படி பெரியதாக வாங்குவதே நல்லது.

பொதுவாக 6.5 முதல் 7 குதிரைத்திறன் எஞ்சின், செம்பருத்தி, முருங்கை, மாமரத்தின் சிறு கிளைகளுக்குப் போதும். 4 அங்குலக் கிளைகள் அடிக்கடி வருமானால் 13 முதல் 15 குதிரைத்திறன் வேண்டும். அதன் எடையும் அதிகம். டெரஸ் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் தள்ளிக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள்.

சிறிய ரக மெஷின்களில் கிளையை நாமேதான் தள்ள வேண்டும். தானாக இழுக்கும் ரகத்தில் வேலை சுலபம், விலை அதிகம்.

நம் ஊர் கழிவுக்குத் தாங்குமா?

தென்னை மட்டை நார் நிறைந்தது. உருளைத் தண்டில் சுற்றிக்கொள்ளும். விசேஷம் முடிந்து வீட்டில் கிடக்கும் வாழைமரமோ முழுக்கத் தண்ணீர். உள்ளே கூழாகி அடைத்துக்கொள்ளும். அதைக் கத்தியால் துண்டு போட்டு மண்ணில் புதைப்பதே மேல். மழையில் நனைந்த இலைக் குவியலும் அடைக்கும். கடையில் காய்ந்த குச்சியைப் போட்டுக் காட்டினால் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பச்சை மட்டையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றுக் கத்தியும் பெல்ட்டும் இங்கேயே கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கத்தி மழுங்கினால் மெஷின் நறுக்காது, கிழிக்கும். பல புதிய மெஷின்கள் எஞ்சின் எண்ணெய் இல்லாமலேயே வருகின்றன. ஊற்றாமல் முடுக்கினால் எஞ்சின் போய்விடும்.

கை பத்திரம்

கிளையை இழுக்கும் வேகத்துக்கு மனிதக் கையால் ஈடுகொடுக்க முடியாது. எனவே வாய்ப்பகுதிக்குள் கையை விடவே கூடாது. குட்டைக் கிளையை நீளமான இன்னொரு கிளையால் தள்ளுங்கள். தொங்கும் துணி, துப்பட்டா, சங்கிலி, தளர்ந்த கையுறை எதுவும் வேண்டாம். கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம். எஞ்சினை நிறுத்திய பிறகும் கத்தி சிறிது நேரம் சுழலும். அடைப்பை எடுக்கும் முன் அது நிற்கும்வரை காத்திருந்து, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள். மூடிய போர்ச்சில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு சேரும். திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும்.

நறுக்கிய துண்டுகளை 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செடிகளைச் சுற்றிப் பரப்பினால் மண் ஈரம் காக்கும். தண்டை ஒட்டியோ, வீட்டுச் சுவரை ஒட்டியோ குவிக்க வேண்டாம், கரையான் வரும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வேலை என்றால் வாடகைக்கு எடுங்கள், அல்லது மரம் கழிக்க வருபவரிடம் சிப்பர் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். தாமான் குடியிருப்பாளர்களோ கோயில் நிர்வாகமோ சேர்ந்து ஒன்று வாங்குவதும் நல்ல வழி. ஆனால் அதை ஓட்டுவது பழகிய ஒருவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டும் மெஷின் இதுவல்ல.