தீயும் அவிப்பும்

கட்டுமாவடி போன்ற கடலோர ஊர்களில் ஒரு குடிசை பற்றினால், அண்டைக் குடிசையின் கீற்றைப் பிரித்தெறிவர். எரிபொருள், வெப்பம், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடினாலன்றித் தீயில்லை. கீற்றைப் பிரிப்போர் எரிபொருளை விலக்குகின்றனர், நீர் ஊற்றுவோர் வெப்பத்தைத் தணிக்கின்றனர்.

ஆயினும், எரியும் எண்ணெய்ச் சட்டியில் நீர் ஊற்றலாகாது. எண்ணெயினும் கனத்த நீர் அடியில் இறங்கி, நொடியில் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து ஆவியாகி, எரியும் எண்ணெயை அடுக்களையெங்கும் வீசும். படித்தோரும் இதிற் பிழைபடுவதுண்டு. அடுப்பை நிறுத்தித் தட்டால் மூடினால் உயிர்வளியின்றித் தீ அவியும்.

2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. மாண்ட குழந்தைகள் 94 பேர். அதன்பின்னரே பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அதுவும் எரிபொருளை விலக்கியதே, காலங்கடந்து.