குளோட் லொரேனின் ஓவியத்தைப் படியெடுத்தல்

தைல வண்ணத்தில் நிலக்காட்சி வரையப் பழகுகிறவர்கள் முதலில் படியெடுக்க ஒரு படம் கேட்டால், குளோட் லொரேன் 1646-இல் வரைந்த 'ஆகாரும் தேவதூதனும்' என்ற ஓவியத்தைத்தான் சொல்வேன். முன்னால் இரண்டு சிறு உருவங்கள், அவர்களுக்கு நிழல் தரும் உயர்ந்த மரங்கள், நடுவே ஆறு, அப்பால் வெளிறிய மலைகள். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இதை வைத்திருந்த சர் ஜார்ஜ் போமான்ட்டுக்குப் பயணத்திலும் அதைப் பிரிய மனமில்லை, வண்டியிலேயே எடுத்துப் போவார். நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் இளமையில் படியெடுத்துப் பாடம் படித்த படங்களில் இதுவும் ஒன்று. படியெடுத்தல் கற்பனை இல்லாதவர் வேலை என்று இகழ்கிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

மூலம் 52.2 செ.மீ. உயரம், 42.3 செ.மீ. அகலம். 40 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 32.5 செ.மீ. அகலம் வரும். அந்த அளவில் கேன்வாஸ் கிடைக்காவிட்டால் பெரியதில் கோடு போட்டு அதற்குள் வரையுங்கள். விகிதம் பிசகினால் மரங்களுக்கு நடுவே திறக்கும் வானத்தின் வடிவம் கெட்டுவிடும்.

வெள்ளைக் கேன்வாஸில் நேராகத் தொடங்க வேண்டாம். பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வெள்ளையின் மேல் எந்த நிறமும் இருக்கிறதைவிடக் கருப்பாகத் தோன்றும். இளம்பழுப்புத் தளத்தில் அந்த ஏமாற்றம் இல்லை. பிறகு கட்டம் போட்டு, பெரிய வடிவங்களின் எல்லையை மட்டும் குறியுங்கள். இலை, கிளை எதுவும் இப்போது வேண்டாம்.

அடுத்த கட்டத்தில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது. படத்தைக் கருப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இருட்டான முன்தரை, நடுத்தரமான ஆற்றங்கரை, வெளிறிய தொலைவு என்று மூன்று அடுக்கு தெரியும். இதை அம்பர் ஒன்றாலேயே முழுவதும் வரைந்து முடியுங்கள். நிறம் சேர்க்கும் அவசரத்தில் பெரும்பாலோர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு எத்தனை பச்சை குழைத்தாலும் தொலைவு தொலைவாக நிற்காது. அம்பர் சீக்கிரம் காய்வதால் காத்திருப்பும் அதிகமில்லை.

இனி நிறம். வானத்தில் தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றின் வெளிச்சத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது. அடிவானத்தில் வெள்ளையோடு துளி எல்லோ ஓக்கர். மேலே போகப்போக அல்ட்ராமரின் நீலம் கூட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மென்தூரிகையால் இரண்டையும் இழைத்துவிடுங்கள், எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க முடியாதபடி. மலைகளுக்கும் அதே வான நிறந்தான், சற்று அழுத்தமாக. நடுத்தரைக்கு வரும்போது ஓக்கரும் நீலமும் கலந்த தணிந்த பச்சை. டியூபில் வரும் பச்சையை அப்படியே பூசுவது இந்தப் படத்துக்கு ஆகவே ஆகாது.

மரங்களைக் கடைசியில் எடுங்கள். இருண்ட திரளை மெல்லியதாகப் பூசி, ஓரத்து இலைக்கொத்துகளை மட்டும் வானத்தின் மேல் தொட்டுத் தொட்டு வையுங்கள். இடைவெளிகளில் வானம் தெரியட்டும்.

எல்லாக் கட்டத்திலும் ஒரு விதி: அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாகவும் மேல்பூச்சுக்குப் போகப்போக லின்சீட் எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும். தைல வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த பூச்சு அடியில் இருந்தால் மெதுவாகத்தான் இறுகும். அதற்கு முன்பே காய்ந்துவிட்ட மேல்பூச்சு நாளடைவில் வெடிக்கும். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள்.

முடிந்ததும் கேன்வாஸின் பின்புறம் 'குளோட் லொரேனின் மூலத்தைப் பார்த்து' என்று எழுதி, உங்கள் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். அவர் கையெழுத்தை மட்டும் படியெடுக்காதீர்கள்.