அணையைத் தாங்குவது அடிநிலம்

குன்னம் வட்டாரத்தில் கரிசலுக்கு அடியில் கிடப்பது பழைய கடலின் படிவு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே உள்ளேறி நின்றபோது களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்தன. பக்கத்துக் காரை கிராமத்து ஓடைச் சரிவுகளில் அந்தக் களிமண்ணைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊடே நரம்புபோல ஓடும் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும். காய்ந்தால் கட்டி தட்டும் அந்த மண், நனைந்தால் குழைந்துவிடும்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு அன்று ஏற்றதாக இருந்தது ஏரிக்கரை. தாழ்வாக, அகலமாகப் போட்ட மண்கரையின் பாரம் பரவலாக இறங்கும். அடிநிலம் சற்று அமுங்கினால் கரையும் கூடவே அமுங்கும். குடிமராமத்தில் மண் போட்டு உயர்த்திக்கொள்வார்கள்.

உயரமான காங்கிரீட் சுவர்கள் வந்தபோது சுவரைக் கவனித்த அளவுக்கு அடியைக் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஆஸ்டின் ஊரருகே 1909-இல் எழுப்பிய அணை, மணற்கல்லுக்கு இடையிடையே களிப்பாறை கிடந்த அடுக்குகள் மேல் நின்றது. 1910 ஜனவரியிலேயே அது நகர்ந்தது. எச்சரிக்கையை மதிக்கவில்லை. 1911 செப்டம்பர் 30-இல் உடைந்து 78 உயிர்களைக் கொண்டுபோனது. 1928-இல் கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் ஒரு பக்கத்தைத் தாங்கிய பாறையிலும் ஜிப்சம் ஓடியிருந்தது. உலர்ந்த துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டதும் உதிர்ந்து கரைந்தது. கட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

இன்று முதலில் நிலத்தைத் துளையிட்டுப் பாறை உருளைகளை எடுக்கிறார்கள். விரல்கனக் களிமண் ஏடு ஒன்றே முழு அணையையும் வழுக்கச் செய்யப் போதும். பாறை இடுக்கில் புகும் நீர் சுவரை அடியிலிருந்து தூக்கும். அடியை அழுத்தும் எடை குறையும், பிடிமானம் தளரும். ஆகவே களிமண்ணை நனைத்துப் பலம் பார்க்கிறார்கள்; இடுக்குகளில் சிமென்ட் கூழைச் செலுத்துகிறார்கள்; உள்ளே சேரும் நீர் வடியத் துளை விடுகிறார்கள். பக்ரா அணையின் அடியில் வந்த களிப்பாறையைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தைக் காங்கிரீட்டால் அடைத்தார்கள்.

நம் பக்கத்திலும் மருதையாற்றின் குறுக்கே கொட்டரையில் நீர்த்தேக்கம் வந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றையும் மட்டுமே கண்காணிப்பில் வைக்கிறது. நம் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை அந்த உயரத்தை எட்டாதவை. அவற்றுக்கு ஆயக்கட்டு விவசாயிகளின் கண்தான் காவல்.

கரை எதுவானாலும் அதன் அடிநில ஆய்வு விவரங்களை ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கரையின் வெளிப்பக்கத்தை நடந்து பாருங்கள். கசியும் நீர் தெளிவாக இருந்தாலும் கவனத்தில் வையுங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். நீர்வளத் துறைக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.