கரும்புப் பணம் வருமுன், வந்த பின்

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளுக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள். கரும்புப் பணம் வருமுன் ஒரு முறை, வந்த பின் இன்னொரு முறை. கையில் காசு வந்த பிறகு அதே ஆட்கள் கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். அடகுக்கடை நகையும் கடன் பாக்கியும் மண்டைக்குள் ஓடும்போது புதிருக்கு மிஞ்சும் கவனம் கொஞ்சம்தான். இது 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

அவர்கள் பெரியவர்கள், பத்தாவது படிக்கும் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து “இதுகளுக்கெல்லாம் படிப்பு ஏறாது” என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கரும்புக்காரர்களே பதில். வறுமை அறிவைக் குறைப்பதில்லை. நேரத்தையும் கவனத்தையும் தின்றுவிடுகிறது.

எப்படி என்று பார்க்கப் பத்தாம் வகுப்பின் காலைச் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்தால் போதும். வெறும் வரக்காப்பியோடு வந்த பெண் இரண்டாவது கணக்கு வரை தாக்குப்பிடிப்பாள். மூன்றாவதில் கண் சொக்கும். தமிழ்நாட்டில் 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அவளுக்குச் சத்துணவு உண்டு, ஆனால் அது மதியம்தான். அதற்குள் ‘கவனமில்லாதவள்’ என்று பேர் வாங்கியிருப்பாள். சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வரும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும்.

அதிகம் அடிவாங்குவது கணக்குதான். வரலாற்றில் ஒரு பாடம் போனால் அடுத்ததைப் படித்துக்கொள்ளலாம். இயற்கணிதம் தொடங்கிய வாரம் தம்பிக்குக் காய்ச்சல், அம்மா கூலிக்குப் போயாக வேண்டும், அக்கா லீவு என்றால் அந்த ஓட்டை அடுத்த வருஷமும் கூடவே வரும். எட்டாவது வரை எல்லாரும் பாஸ் என்பதால் வெளியே தெரியாது. ஒன்பதாவதில்தான் தெரியும்.

செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களின் கதை இன்னும் மோசம். சூளையில் வேலை மும்முரமாக இருக்கும் கோடையில்தான் பொதுத்தேர்வும் வரும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப் போனால் சோறு பொங்குவதும் தண்ணீர் பிடிப்பதும் பிள்ளையின் வேலை. கூட்டிப்போனால் படிப்பு போச்சு.

சட்டமும் சரியாக இந்த ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வயதில்தான் கையை விடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் முழுத்தடையை 14 வயதோடு நிறுத்திக்கொள்கிறது. அதன் பிறகு ஆபத்தான வேலைகளுக்கு மட்டுமே தடை. ஒன்பதாவது படிக்கும் பையன் ஜவுளிக்கடையில் துணி மடிக்கலாம்.

உதவிகள் இல்லாமல் இல்லை. எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தேறுவது, பெரும்பாலும், அதுவரை லீவு போடாமல் தப்பித்த பிள்ளை.